பெனிட்டாவுக்குப் பதிலாக

"கொஞ்சம் மெதுவாப் பேசுட்டி, வெளிய ஆளுங்க வேலை பாத்துக்கிட்டு—"

"மெதுவாவா? அஞ்சு வருஷமா என் வாயில நீங்கள்லாம்—"

"நான் ஒண்ணும் செய்யலை, அது மெஷினு, அதுவா—"

"—பேசியிருக்கீங்க, இப்ப என்னை மெதுவாப் பேசச் சொல்லுத!"

சுபலட்சுமி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் கைப்பிடியை விடாமல் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். தூத்துக்குடி நுண்பாசி ஆய்வகத்தில் அவள் இப்போது பிரிவுத் தலைவி. கதவின் வெளிப்பக்கம் அப்படித்தான் எழுதியிருந்தது.

பெனிட்டா உட்காரவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கையிலிருந்து இறக்கவில்லை. சுவர் நெடுகக் கண்ணாடிக் குடுவைகள்; ஒவ்வொன்றிலும் உப்பளத்துச் சிவப்புப் பாசி, மாதுளைச் சாறு நிறத்தில், குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த அறையில் இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்று சுபலட்சுமியுடையது, இன்னொன்று பெனிட்டாவுடையது. இப்போதும் இரண்டு இருந்தன. அவளுடைய மேசையில் தூசிகூட இல்லை.

"என் பேர்ப்பலகையைக்கூட எடுக்கலையா?"

"உன் ஞாபகமா வச்சிருக்கேன் பெனி."

"ஞாபகமாவா? இல்ல, பாக்க வாரவங்களுக்குக் காட்டவா?"

சுபலட்சுமி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள். பெனிட்டா அதைத் தொடவில்லை. கைப்பேசியை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் வாசித்தாள்.

"'விண்ணப்பதாரர் ஏற்கெனவே ஆய்வுப் பணியில் உள்ளார். மீள்வரவுத் திட்டம் பணியிலிருந்து விலகிய பெண் விஞ்ஞானிகளுக்கு மட்டுமே உரியது.' கேட்டியா? ஏற்கெனவே பணியில் உள்ளாராம். எங்கம்மாவுக்குக் கஞ்சி காச்சிக் குடுத்ததும், கக்கூசுக்குக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதும் எந்தப் பணியில சேத்தி? கடல்சார் பிரிவா, உயிரியல் பிரிவா?"

"அப்பீல் பண்ணு."

"இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது. அடுத்த வருஷம் திட்டமே கெடையாது. ஏன் தெரியுமா? வேலையை விட்டுப் போன பொம்பளைங்க எண்ணிக்கை வருஷா வருஷம் குறையுதாம். ஆள்கணக்கு சொல்லுதாம். அதனால இனிமே தேவையில்லையாம். அந்தச் செய்தியை டி.வி.யில நானும் பாத்தேன். அம்மாவுக்குத் தல சீவிக்கிட்டே பாத்தேன். நமக்குத்தான் இப்படி ஆச்சு, மத்தவளுகளாவது நல்லா இருக்காளுகளேன்னு சந்தோஷம்கூடப் பட்டேன் சுபா. அந்தக் கொறஞ்சதுல நானே ஒருத்தின்னு எனக்குத் தெரியாதே!"

தேசிய அறிவியல் ஆள்கணக்கு என்பது ஆண்டுக்கொரு முறை நடப்பது. நாட்டில் யார் யார் ஆராய்ச்சி செய்கிறார்கள், எந்த ஆய்வகத்துக்கு எவ்வளவு பணம் போகிறது, யார் விட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்று எண்ணி வைப்பது. அதில் வரும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த வருஷத்து நிதி. முன்பெல்லாம் படிவம் வரும். இப்போது தீபாவளி கழிந்ததும் ஒரு குரல் தொலைபேசியில் அழைக்கும். எடுத்ததும் "சாப்பிட்டாச்சாம்மா?" என்றுதான் கேட்கும். அதனால் அதற்கு ஆய்வகங்களில் கணக்கம்மா என்று பெயர். இயந்திரம் என்று தெரிந்தும் எல்லோரும் அவளிடம் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பெனிட்டாவும் பேசியிருக்கிறாள், வேலையில் இருந்தவரைக்கும்.

"அவ கூப்பிட்டப்ப நீ ஏன் எடுக்கலை?" என்றாள் சுபலட்சுமி. "ஒரு தடவை எடுத்து, நான் வேலையில இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே."

"ஓஹோ, இப்ப தப்பு என் மேலயா?"

"தப்புன்னு சொல்லலை..."

"கோவம்ட்டி எனக்கு. எடுத்து என்னத்தச் சொல்ல? லீவு கேட்டேன், குடுக்கலை, ஒப்பந்தத்தைத் தானா முடிய விட்டுட்டாங்கன்னு ஒரு மெஷினுகிட்ட அழவா? பேசாம இருந்தா அந்த இடம் காலியாத் தெரியும், இத்தனை பேரு ஏன் வாயத் தொறக்கலைன்னு மேல உள்ள ஒருத்தராவது கேப்பாங்கன்னு நெனச்சேன். பதில் சொல்லாம இருக்கதும் ஒரு பதில்தானே."

"காலியா விட மாட்டாங்க பெனி. பாதிப் பேரு பதில் சொல்லாம இருந்தா கணக்கு எப்படி நிக்கும்? அதுக்குத்தான் ஈடு."

"அந்த ஈடுங்கறது என்னன்னு எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லு. உன் ஆபீஸ் பாஷையில சொல்லாத."

சுபலட்சுமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ஆய்வகத்தின் சார்பில் ஆள்கணக்குக்குப் பொறுப்பாளராக இருப்பதும் அவள்தான். யாருக்கும் பிடிக்காத வேலை. யாராவது ஒருவர் தலையில் கட்டியாக வேண்டும்.

"நீ வருஷா வருஷம் கணக்கம்மாகிட்டப் பேசுனது எல்லாம் அவகிட்ட இருக்கு. உன் லீவு விண்ணப்பம், ஒப்பந்தத் தேதி, ஆசுபத்திரிச் சீட்டு, அதுவும் அவளுக்குக் கெடைக்கும். எல்லாத்தையும் போட்டு, நீ எடுக்காதப்ப உனக்குப் பதிலா பேச ஒரு குரலை உண்டாக்குவா. அதுதான் ஈடு. கேள்விய அதுகிட்டக் கேப்பா. நீ இருந்தா என்ன சொல்லியிருப்பியோ அதை அது சொல்லும்."

"நான் இருந்தா, சந்தோஷமா வேலை பாக்கேன்னா சொல்லியிருப்பேன்?"

"மெஷினுதானே. தப்பாச் சொல்லியிருக்கும்."

"அப்ப நான் கேக்கணும். என் ஈடு என்ன சொல்லுச்சுன்னு கேக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா அதுக்கு எழுதிக் குடுத்து—"

"எழுதிக் குடுக்க வேண்டாம். வாயால சொன்னாப் போதும்னு நானும் விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்." பெனிட்டா ஹெல்மெட்டைத் தன் பழைய மேசை மேல் 'டப்'பென்று வைத்தாள். "கூப்பிடு உன் கணக்கம்மாவை."

சுபலட்சுமி கூப்பிடவில்லை. பெனிட்டாவே தன் கைப்பேசியில் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, மேசை நடுவில் வைத்தாள்.

"வணக்கம்மா, சாப்பிட்டாச்சா?"

ஐந்து வருஷத்தில் அந்தக் குரலுக்கு மட்டும் வயசாகவில்லை.

"இல்லைம்மா. நான் பெனிட்டா. என் ஈடு கடைசியாச் சொன்ன பதிலைக் கேக்கணும்."

"ரொம்ப நாளாச்சும்மா உங்க குரலைக் கேட்டு. இதோ, போன வருஷத்துப் பதில்."

பிறகு வந்தது பெனிட்டாவின் குரல். மூக்கால் லேசாக இழுக்கும் அதே குரல்.

"சிவப்புப் பாசித் திட்டத்துலதான் இருக்கேன். மதிப்புறு விஞ்ஞானி, சம்பளம் இல்லாம. நம்ம விரும்பித்தானே வந்தோம், ஒண்ணும் கொறையில்லை. எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு, பாத்துக்கிடலாம்."

பெனிட்டா கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு சுபலட்சுமியைப் பார்த்தாள்.

"'பாத்துக்கிடலாம்'. நான் இந்த வார்த்தைய எப்பவாவது சொல்லிக் கேட்டிருக்கியா? காலேஜ்ல இருந்து இது நீ சொல்றது. பஸ் போயிட்டா பாத்துக்கிடலாம், பரீட்சை போயிட்டா பாத்துக்கிடலாம். இது என் குரல்ல நீ பேசுதட்டி!"

"அது... பக்கத்துப் பதில் கலந்திருக்கும்."

"என்னது?"

"ஒரு ஈடு சொல்றது ஆய்வகம் குடுத்த ஆள் பட்டியலுக்கு முரணா இருந்தா, அதே படிப்பு, அதே வயசு, அதே ஆய்வகம், யாரு ரொம்பப் பக்கத்துல இருக்காங்களோ அவங்க பதிலைக் கொஞ்சம் கலந்து மறுபடி கேப்பாங்க. முரண் போற வரைக்கும். விதி அப்படி. அந்தப் பக்கத்து ஆளுக்கு அண்டைன்னு பேரு." சுபலட்சுமியின் குரல் இறங்கியது. "உனக்கு நான்தான் அண்டை."

"முரணா இருந்தான்னா? அப்ப முதல்ல வேற என்னமோ சொல்லியிருக்கு."

"பெனி, வேண்டாம்."

"கணக்கம்மா, முதல் வருஷம் முதல் தடவை கேட்டப்ப என் ஈடு என்ன சொல்லுச்சு?"

"சொல்லுதேன்ல, வேண்டாம்னு! கட் பண்ணு அதை!"

சுபலட்சுமியின் கை கைப்பேசியை நோக்கி நீண்டது. பெனிட்டா அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அழுத்தினாள். கல்லூரி விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்ட கை. அழுத்திப் பிடித்தபடியே பதிலைக் கேட்டாள்.

"நான் இப்ப ஆய்வகத்துல இல்லைம்மா," என்றது பெனிட்டாவின் குரல். இந்தத் தடவை அதில் எதுவும் கலந்திருக்கவில்லை. "எங்கம்மாவுக்கு உப்பளத்துல வேலை பாத்துப் பாத்துக் கண்ணு போச்சுன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கேன்ல? இப்ப விழுந்து இடுப்பும் போச்சு. லீவு கேட்டேன். வேண்டாம்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. ஒப்பந்தம் தானா முடிஞ்சு போச்சு. வேலையை விட்டுட்டான்னு எழுதாதீங்க, விட வச்சாங்கன்னு எழுதுங்க. அளத்துல நிக்கவங்க கண்ணுக்குச் சிவப்புப் பாசியில இருந்து மருந்து கண்டுபிடிக்க வந்தவ நான். திரும்பி வருவேன். நம்பிக்கை இல்லைன்னா சுபாகிட்டக் கேளுங்க. அவளுக்கு எல்லாம் தெரியும். அவ பொய் சொல்ல மாட்டா."

"இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை," என்றாள் பெனிட்டா, தனக்குத்தானே சொல்வதுபோல. "சொல்லியிருந்தா இப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு எழுத்து மாறாம."

கணக்கம்மா தன் பாட்டுக்குத் தொடர்ந்தாள். கேட்டதற்குப் பதில் முழுசாகச் சொல்வது அவள் வழக்கம். "பதில் முரணா இருந்ததால, உங்க ஈடு சொன்னபடியே அண்டையைக் கேட்டோம்மா. அண்டையோட வாக்கு இது."

ஐந்து வருஷத்துக்கு முந்திய சுபலட்சுமியின் குரல், அவசரமாக, எங்கேயோ கிளம்பிக்கொண்டிருப்பது போல: "அவ இங்கதான் இருக்கா. மனசு சரியில்லை, அதான் அப்படிப் பேசுதா. மறுபடி கேளுங்க, சரியாச் சொல்லுவா."

பெனிட்டா பிடித்திருந்த கையை விட்டாள். விட்ட இடத்தில் சிவந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள், தன் பழைய மேசைக்கு முன்னால்.

"மெஷினு தப்பாச் சொல்லியிருக்கும்னு சொன்னியே. மெஷினு சரியாத்தான் சொல்லியிருக்கு. உன்னைத்தான் நம்பியிருக்கு, பாவம். என்னை மாதிரியே."

"எனக்கு வேற வழி தெரியலை பெனி. பாசித் திட்டத்துல ரெண்டு விஞ்ஞானி இருக்கணும். ஒருத்தி போயிட்டான்னு பதிஞ்சா அன்னைக்கே மூடிருவாங்க. மூடிட்டா இந்தப் பாசிய எல்லாம் பினாயில் ஊத்திக் கொட்டிருவாங்க. முள்ளக்காட்டு அளத்துல பாத்தி பாத்தியா வெயில்ல நின்னு நீ எடுத்துட்டு வந்த பாசிட்டி இது! இது செத்துரக் கூடாதுன்னு—"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ அப்ப இருந்த இருப்புல எப்படிக் கேக்க?"

"சரி. முதல் வருஷம் பாசிக்காக. ரெண்டாவது வருஷம்?"

சுபலட்சுமி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

"சொல்லு. மூணாவது வருஷம் யாருக்காக?"

"அப்புறம் மாத்திச் சொன்னா, முதல் வருஷம் சொன்னது பொய்யின்னு ஆயிருமே."

"ஆகா! நெசத்தைச் சொல்ல உனக்கு இவ்வளவு நேரம் ஆச்சு பாரு." பெனிட்டா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வந்தியே. எங்கம்மாவுக்குக் கேக்கைப் பிட்டு வாயில ஊட்டி விட்டியே. 'எம்மவ எப்பத் திரும்ப வேலைக்குப் போவா சுபா?'ன்னு உன் கையப் பிடிச்சிக்கிட்டு அவங்க கேக்கும்போது, என்ன சொன்ன?"

"பெனி..."

"'பாத்துக்கிடலாம் அத்தை'ன்னு சொன்ன."

சுபலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா என்று பெனிட்டா பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தவள் போலக் குடுவைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாசி நன்றாக வளர்ந்திருந்தது. அவள் வளர்த்திருந்தால்கூட இவ்வளவு நிறம் பிடித்திருக்குமோ என்னவோ.

"ஒண்ணு செய்யலாம்," என்றாள் சுபலட்சுமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திடீரென்று தெம்பு வந்தவளாக. "நீ நாளைக்கே வா. இந்த மேசை இருக்கு, பேர்ப்பலகை இருக்கு, கணக்குலயும் நீ இருக்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அஞ்சு வருஷம் விட்டுப்போனதே தெரியாது. கட்டுரையில எல்லாம் உன் பேரைப் போட்டுத்தான் இருக்கேன். சம்பளம் மட்டும் இப்போதைக்கு இல்லை, அதைப் பொறவு எப்படியாவது—"

"அதாவது, என் ஈடு செய்யற வேலைக்கு நான் வரணும்."

"அப்படி ஏன் எடுத்துக்கிடுத?"

"வேற எப்படிட்டி எடுக்க? அவ சம்பளம் இல்லாம இருக்கா, ஒண்ணும் கொறையில்லைங்கா. யாரு மேலயும் கோவம் இல்லை அவளுக்கு. எங்கம்மா செத்தது அவளுக்குத் தெரியாது. நீ விரும்புன பெனிட்டா அவதான். எனக்கே என்னை ஈடா வரச் சொல்லுத." பெனிட்டா கைப்பேசியின் பக்கம் குனிந்தாள். "கணக்கம்மா, இருக்கியா?"

"இருக்கேம்மா."

"அஞ்சு வருஷமா நான் எந்த ஆய்வகத்துலயும் வேலை பாக்கலை. திருத்தி எழுது. இப்பவே மீள்வரவுத் திட்டத்துக்கு அனுப்பு."

"மன்னிச்சுக்கோங்கம்மா. நீங்க சொல்றது பெனிட்டாவோட பதிலுக்கு முரணா இருக்கு."

"நான்தானே பெனிட்டா!"

"உங்க குரல் பொருந்துதும்மா. பதில்தான் பொருந்தலை. தொடர்ந்து அஞ்சு வருஷம் ஒரே மாதிரி பதில் வந்திருக்கு. ஒருத்தர் தன்னோட நிலைமையை மாத்திச் சொன்னா அண்டை உறுதி சொல்லணும். விதி அதும்மா."

பெனிட்டா மெல்லத் தலையை நிமிர்த்தினாள். கத்துவாள் என்று சுபலட்சுமி எதிர்பார்த்திருக்க வேண்டும், தோளைக் குறுக்கிக்கொண்டாள். பெனிட்டா கத்தவில்லை.

"ஒரு வார்த்தைதான் சுபா. இவ வேலையில இல்லைன்னு சொல்லு. அப்புறம் உன் வழி உனக்கு, என் வழி எனக்கு. உன்னைக் காட்டிக் குடுக்கவும் மாட்டேன், கோர்ட்டுக்கும் போக மாட்டேன்."

"சொன்னா திட்டம் போயிரும். வெளிய வேலை பாக்குத பிள்ளைங்க ரெண்டு பேரு தெருவுல நிப்பாங்க. இந்தப் பாசி..."

"நான் மீள்வரவுல வந்தா, திரும்ப எடுத்துட்டு வந்து வளக்க மாட்டேனா? அளம் எங்கயும் ஓடிப் போகலை."

"என்னை விசாரிப்பாங்க பெனி. எனக்கு இன்னும் பதிமூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. சின்ன மக இப்பத்தான் காலேஜ் சேந்திருக்கா."

"தெரியும். அவளுக்கு ஃபீஸ் கட்ட நீ அலைஞ்சப்ப எங்கம்மா வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. நான் அதைச் சொல்ல வரலை."

"சொல்லிட்டியே!"

"சொல்ல வச்சிட்ட."

வெளியே யாரோ கதவைத் தட்டி, "மேடம், குடுவை அவிக்குற ஆட்டோகிளேவ் முடிஞ்சிருச்சு," என்றார்கள். இரண்டு பேருமே பழக்கத்தில், "வாரேன்," என்றார்கள். ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. வெளியே காலடிச் சத்தம் நகர்ந்து போயிற்று.

சுபலட்சுமி பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தாள். பெனிட்டாவும் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகத் தாழ்ந்திருந்தது. அலுவலகங்கள் மூடும் நேரம். மேசையின் மேல், இருவருக்கும் நடுவில், கைப்பேசியின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கணக்கம்மாவுக்கு அவசரம் கிடையாது. ஆனால் பதில் வராத கேள்வியை அவள் காலியாக விட்டதும் கிடையாது.

"சுபலட்சுமியம்மா," என்றாள் கணக்கம்மா, எப்போதும் போல் கனிவாக, "பெனிட்டா உங்ககூட வேலை பாக்கிறாங்களா? நீங்க சொல்றீங்களா, இல்ல உங்க ஈட்டைக் கேட்டுக்கட்டுமா?"